பதிவேட்டை வாசிப்பது

ஓர் அலுவலகத்தின் கலாச்சாரம் எப்படிப்பட்டது என்று அறிய முன்பெல்லாம் அங்கே ஆறு மாதம் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. அல்லது வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரைக் கேட்கவேண்டும். இப்போது இரண்டும் தேவையில்லை என்கிறார்கள். யார் எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார், யார் யாருக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்பினார், பதில் எத்தனை நிமிஷத்தில் வந்தது, விசைப்பலகை எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது, எல்லாம் இயந்திரத்தில் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. இதைத் திரட்டிக் கூட்டிப் பார்த்தால் ஸ்தாபனத்தின் சுபாவம் தெரிந்துவிடும் என்பது இன்றைய நிர்வாகங்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை முழுக்கப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. பகலில் வங்கியில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இரவில் பிறர் எழுதிய கவிதைகளைப் பற்றி அபிப்பிராயம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு ஆட்சேபணை இருக்கிறது. இதை அளவெடுக்கும் காரியமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது வாசிக்கும் காரியமாகப் படுகிறது. வாசிப்பு என்றால் யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எழுதாமல் விட்டது என்ன என்ற கேள்விகள் உடனே வந்துவிடுகின்றன. அளவுகோல் பிடித்தவனுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

உலகத்திலேயே அதிகம் வாசிக்கப்பட்ட அலுவலகத் தபால் என்ரான் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருந்த இந்த எரிசக்திக் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. மேற்கு மாகாணங்களின் மின்சாரச் சந்தையில் நடந்த தில்லுமுல்லுகளை விசாரித்த மத்திய ஒழுங்குமுறைக் கமிஷன், 2003-ல் கம்பெனிக்காரர்களின் மின்னஞ்சல்களைப் பொதுப் பார்வைக்கு வைத்துவிட்டது. துப்புரவு செய்யப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்த தொகுப்பில் சுமார் 150 பேரின் ஏறக்குறைய 5 லட்சம் கடிதங்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் மேல்மட்டத்து ஆட்கள். ஒரு ஸ்தாபனத்தின் உள்பேச்சு இவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் வெளியே வந்ததில்லை. மொழியியல்காரர்கள் படித்தார்கள். யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்று வலைப்படம் போடுகிறவர்கள் படித்தார்கள். குப்பைத் தபாலைப் பிரித்தெடுக்க கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருகிறவர்களும் இதையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டார்கள்.

என்ரான் தன் கலாச்சாரம் என்று நான்கு வார்த்தைகளை அச்சடித்து வைத்திருந்தது: மரியாதை, நேர்மை, தொடர்பாடல், மேன்மை. அந்தத் தபால் மூட்டையைப் பிரித்தால் இந்த நான்குக்கும் நேர் எதிரானவை கொட்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதில் பெரும்பகுதி கூட்டத்துக்கு நேரம் குறிப்பது, மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பது, கால்பந்துப் பேச்சு, பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பு. எந்த அலுவலகத்திலும் எழுதப்படுகிற கடிதங்கள். மோசடி நடந்த இடத்தின் பாஷை மோசடியின் பாஷையாக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரிய தவறுகள் சுறுசுறுப்பான, நல்ல மனிதத்தன்மையுள்ள வாக்கியங்களுக்கு நடுவிலேயே நடந்துவிடுகின்றன. இதை நாவல் படிக்கிறவர்கள் எப்போதோ தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, அந்த 150 பேரில் ஒருவரும் நாம் படிப்பதற்காக எழுதவில்லை. குற்றம் செய்தவரும், அவர் பக்கத்து மேஜையில் இருந்த ஒரே காரணத்துக்காக மாட்டிக்கொண்டவரும் ஒரே தொகுப்பில் கிடக்கிறார்கள். பாதிக்கப்பட்ட சில ஊழியர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் சில கடிதங்கள் பின்னால் நீக்கப்பட்டன. மற்றவை இன்றும் கிடைக்கின்றன.

நன்றாக வாசித்தவர்களையும் சொல்லவேண்டும். ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அமீர் கோல்ட்பெர்க், சமீர் ஸ்ரீவஸ்தவா முதலியோர் ஓர் அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனியின் 601 ஊழியர்கள் 5 ஆண்டுகளில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட 1 கோடிக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கட்டுரை 2018-ல் வந்தது. எழுதப்பட்ட விஷயம் என்ன என்று அவர்கள் பார்க்கவில்லை. எழுதிய தோரணையைப் பார்த்தார்கள். 'நான்' எவ்வளவு, 'நாம்' எவ்வளவு, வசைச்சொல் உண்டா, நிச்சயமாகச் சொல்கிறானா இழுத்துப் பேசுகிறானா என்று சொல்வகைகளை எண்ணி, ஒருவன் எழுதும் விதம் அவனுக்கு வருகிற கடிதங்களின் விதத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மாதா மாதம் கணக்கிட்டார்கள். வந்து சேர்ந்த புதிதில் அந்த இடத்துப் பாஷையை மெதுவாகப் பிடித்துக்கொண்டவர்கள் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து விலகி எழுத ஆரம்பித்தவர்கள் தாங்களாகவே ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது விஷயம் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. ஒருவன் ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு வெகுநாள் முன்பே அவனுடைய வாக்கியங்கள் ராஜினாமா செய்துவிடுகின்றன. சிறுபத்திரிகைகளிலும் இது நடக்கும். புதிதாக எழுதவருகிறவன் ஆறு மாதத்தில் பத்திரிகையின் வசனத்தில் எழுத ஆரம்பிக்கிறான். அவனை எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. பிறகு ஒருநாள் அவன் கடிதங்களின் தொனி மாறுகிறது. அடுத்த வருஷம் அவன் வேறு பத்திரிகை நடத்திக்கொண்டிருக்கிறான். ஆசிரியர் மட்டும் ஆச்சரியப்படுகிறார். மேலே சொன்ன ஆராய்ச்சி வெற்றி பெற்றதற்குக் காரணம் அது நடை பற்றிய விமர்சனமாக இருப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுதியவர்களுக்குத் தாங்கள் அளக்கப்படுவது எந்த இடத்தில் என்று தெரியாது. ஆகவே அந்த இடத்தில் வேஷம் போடவும் இல்லை.

தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 90 வருஷத்துக்கு மேல் பழைய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை 14 தொழிலாளர்களை ஒரு தனி அறையில் வேலை செய்யவைத்து, ஒரு மூலையில் ஒருவரை உட்காரவைத்துக் கவனித்தார்கள். டெலிபோன் இணைப்பகத்துக்கான கம்பிகளைப் பொருத்துகிற வேலை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு நடுவே ஆய்வு செய்துவிட்டு வந்த லாயிட் வார்னர் என்ற மானிடவியலாளர் இந்த ஆராய்ச்சிக்கு யோசனை சொன்னார். பழங்குடிகளைப் பார்ப்பதுபோலத் தொழிலாளர்களைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அவர்கள் கண்டது இது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நியாயமான வேலை என்று அந்த 14 பேருக்குள் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. அதற்கு மேல் செய்தவனைத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு குத்துக் குத்தினார்கள். குறைவாகச் செய்தவனுக்கும் ஏச்சு. ஒருநாள் அதிகம் முடித்துவிட்டால் அதை அன்றைக்குச் சொல்லாமல் வைத்திருந்து, குறைவான நாளில் சேர்த்துச் சொன்னார்கள். கம்பெனியின் பதிவேட்டில் அவர்கள் உற்பத்தி நேர்கோடாக ஓடியது. மூலையில் உட்கார்ந்திருந்தவர் எண்ணிய கணக்கு மேலும் கீழுமாக இருந்தது. பதிவேட்டிலுள்ள அந்த நேர்கோடு பொய். ஆனால் அந்த அறையின் கலாச்சாரம் என்ன என்று கேட்டால் அந்தப் பொய் நேர்கோடுதான். அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்று பயந்து, கூடிப் பேசாமலேயே 14 பேர் சேர்ந்து எழுதிய ஒரு வரி அது. 1939-ல் ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் இதைப் புத்தகமாக்கினார்கள். இந்தப் பயத்தை அறிவுக்குப் பொருந்தாத உணர்ச்சி என்று சொல்லும் ஒரு தொனி அந்தப் பள்ளிக்கே உண்டு. பொருளாதாரம் சரிந்துகிடந்த 1932-ல் அதைவிட அறிவுக்குப் பொருந்திய உணர்ச்சி எது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை இல்லாமல் போனதால்தான் அந்த அறையே மூடப்பட்டது.

இதையெல்லாம் நான் அக்கறையோடு படிக்கக் காரணம் உண்டு. இரண்டு வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்யும் வங்கியின் வட்டார அலுவலகம் 'பணிக் கலாச்சாரம்' பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. 30-க்கு மேற்பட்ட கிளைகளின் கம்ப்யூட்டர் செயல்பதிவு. ஊழியர் எண், உள்ளே நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், பதிவுகளின் எண்ணிக்கை, விசாரணைகளின் எண்ணிக்கை, சும்மா இருந்த நிமிஷங்கள். "நீங்க பி.ஏ. இங்கிலீஷ்தானே சார், முன்னுரை மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று மானேஜர் என்னிடம் தந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லாக் கிளைகளிலும் அதிகமாக இருந்தது இருப்பு விசாரணை. வாடிக்கையாளர் சேவையின் அடையாளம் என்று இதை எழுதிவிடலாம். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு வேறு தெரியும். சில நிமிஷம் விசையைத் தொடாவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர் ஆளை வெளியே தள்ளிவிடும். மறுபடி கடவுச்சொல் போட்டு நுழையவேண்டும். வரிசையில் 20 பேர் நிற்கும்போது அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே சும்மா ஏதாவது ஒரு கணக்கின் இருப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த எண்ணிக்கையில் பாதி, கதவு மூடாமலிருக்க வைத்த கால்.

ஒரு கிளையில் தினமும் எல்லா ஊழியர்களும் இரண்டு நிமிஷ இடைவெளிக்குள் உள்ளே நுழைந்திருந்தார்கள். கண்டிப்பான மானேஜராக இருக்கலாம். முதலில் வந்த ஒருவரே எல்லா இயந்திரங்களையும் திறந்துவைத்திருக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறான கலாச்சாரங்கள். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே எண்.

சும்மா இருந்த நிமிஷங்களில் வட்டாரத்திலேயே முன்னணியில் இருந்தவர் எங்கள் கிளையில் எனக்கு அடுத்த கவுண்டரில் இருப்பவர். 56 வயது. அதிகாரிகளைத் தவிர எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவோம். பென்ஷன்காரர்கள் முழுக்க அவரிடம்தான். மற்ற கவுண்டர் காலியாக இருந்தாலும் அவர் வரிசையில்தான் நிற்பார்கள்.

இதையெல்லாம் விளக்கி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். இந்த எண்களை ஊழியர்வாரியாகப் படிக்கக்கூடாது, ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம் என்று கவுண்டரில் இருப்பவர்களைக் கேட்காமல் படிக்கக்கூடாது என்று முடித்திருந்தேன். மேலே போனபோது என் மூன்று பக்கமும் எடுக்கப்பட்டுவிட்டது. வரிசைப்பட்டியல் மட்டும் சுற்றறிக்கையோடு எல்லாக் கிளைகளுக்கும் வந்தது. ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ.

"தம்பி, நீதானே இங்கிலீஷ் படிச்சவன், இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடு" என்றார். எழுதுவதற்காக, ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, சும்மா இருந்த அந்த நிமிஷங்களில் என்ன செய்தார் என்று சொல்லச் சொன்னேன். அது நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று தரவேண்டிய மாதம். 2014-லிருந்து இதற்கு விரல்ரேகை வைத்துச் செய்யும் ஏற்பாடு வந்திருக்கிறது. வயலிலும் தறியிலும் 50 வருஷம் உழைத்த விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். இயந்திரம் ஏற்காது. அக்கா அந்த விரலை ஈரத்துணியால் துடைப்பார், காயவைப்பார், அடுத்த விரலை வைக்கச் சொல்வார், பிறகு அடுத்த கை. பத்தாவது முறை ஏற்றுக்கொள்ளும். பதிவேட்டில் ஒரு சான்று, 14 நிமிஷம் சும்மா. ஒரு கிழவிக்குப் பணமெடுக்கும் சீட்டு நிரப்பிக் கைநாட்டு வாங்கியது. புருஷன் இறந்த ஒருத்திக்குக் குடும்ப பென்ஷனுக்கு என்னென்ன காகிதம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தது, அவள் அதை மகனிடம் காட்டி மறுநாள் வந்து அதே கேள்வியைக் கேட்டது. எல்லாவற்றையும் நிமிஷக் கணக்கோடு எழுதினேன். நான் எழுதிய விமர்சனங்களில் இவ்வளவு ஆதாரத்தோடு எழுதியது வேறில்லை என்று நினைக்கிறேன். பதில் கோப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு மேல் நடவடிக்கை இல்லை.

அடுத்த காலாண்டு அறிக்கையில் அக்காவின் பெயர் பட்டியலில் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இடது கையால் கிழவரின் விரலைக் கருவிமேல் அழுத்திக்கொண்டு வலது கையால் அவ்வப்போது ஒரு இருப்பு விசாரணை தட்டுகிறார். வட்டாரத்தில் பணிக் கலாச்சாரம் மேம்பட்டிருப்பதாகச் சுற்றறிக்கை வந்தது.

வங்கிக்காரனுக்கு இது புதிய பாடமில்லை. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார நிபுணர் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருந்தபோது 1975-ல், புள்ளிவிவரத்தில் தெரியும் ஓர் ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்தத் தொடங்கினால் அந்த ஒழுங்கே குலைந்துவிடும் என்ற கருத்தைப் பணக்கொள்கை பற்றிச் சொன்னார். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு அல்லது சேவை விற்கவேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்ட விஷயம் 2016-ல் வெளியாகி 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஏறத்தாழ 5,300 பேர் வேலை இழந்தார்கள். அதே வங்கி 2024-ல், விசைப்பலகையில் வேலை நடப்பதுபோலப் போலி அசைவு உண்டாக்கியதற்காகப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் நீக்கியது. இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கவேண்டும். எண்ணுக்குச் சேவகம் செய்யப் பழகிய இடத்தில் கடைசியில் எண்ணைத் தயாரிக்கிற கருவியையே வாங்கிவிடுகிறார்கள்.

சில இடங்களில் கூச்சல் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். லண்டனில் பார்க்ளேஸ் வங்கி, ஊழியர் மேஜையில் இருந்த நேரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை எதிர்ப்பு வந்தவுடன் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. மைக்ரோஸாஃப்ட் அதே வருஷம் ஊழியர் ஒவ்வொருவரும் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் கூட்டத்தில் பேசினார் என்று நிர்வாகிக்குக் காட்டும் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து, கண்டனத்துக்குப் பிறகு டிசம்பரில் பெயர்களை எடுத்துவிட்டது. பெயரை எடுப்பது சரியான திசை. மைக்ரோஸாஃப்ட் தன் 61,182 ஊழியர்களின் 2020 முற்பாதிப் பதிவுகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், வீட்டிலிருந்து வேலை செய்ததால் குழுக்கள் தங்களுக்குள் சுருங்கிக்கொண்டன, குழு தாண்டிய பழக்கம் குறைந்தது என்று தெரியவந்தது. இது ஸ்தாபனத்தை வாசிப்பது. இதனால் யாருக்கும் மெமோ போகாது. ஆனால் 7 பேர் உள்ள கிளையில் பெயரை எடுத்தாலும் கவுண்டர் எண் போதும். 2023-ல் வந்த நமது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை சம்பந்தமான காரியங்களுக்கு ஊழியரின் சம்மதம் கேட்காமலே அவர் விவரங்களைக் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே சட்டத்தை நம்பி நாங்கள் உட்கார முடியாது.

'எழுத்து' 1959-ல் ஆரம்பித்து சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனத்துக்காக வாதாடிய நாளிலிருந்து நம்மவர்களுக்குப் பழக்கமான பெயர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். அவர் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த அபிப்பிராயங்களை 1929-ல் தொகுத்து அலசினார். டன்னும் ஹாப்கின்ஸும் அங்கே நன்றாக அடிபட்டார்கள். கவிதைகளைப் பற்றி அந்த அபிப்பிராயங்கள் சொன்னது கொஞ்சம். வாசகர்களைப் பற்றி, அவர்கள் எங்கே படித்தார்கள், எதற்குக் கூசினார்கள், எந்த வார்த்தையைக் கண்டால் உருகினார்கள் என்பது பற்றிச் சொன்னது ஏராளம். செயல்பதிவு விஷயத்திலும் இந்தத் திருப்பத்தைச் செய்து பார்க்கலாம் என்பதுதான் என் யோசனை. சும்மா இருந்த நிமிஷம் என்று ஒரு பத்தி போட்டவர் யார்? துடைத்த விரல்கள் என்று ஒரு பத்தி ஏன் இல்லை? எண்ணத் தேர்ந்தெடுத்ததும் எண்ணாமல் விட்டதும் முதலில் காட்டுவது எண்ணுகிறவரின் கலாச்சாரத்தை.

வட்டார அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வரும் தபாலுக்கும் நேரம் பதிவாகிறது. இரவு 9 மணிக்குப் பிறகு அனுப்பப்பட்டு மறுநாள் காலை 10 மணிக்குள் விவரம் கேட்கும் கடிதங்கள் எத்தனை, அதே விவரத்தை மூன்று பிரிவுகள் மூன்று வடிவத்தில் கேட்டவை எத்தனை, 'மிக அவசரம்' என்று போட்டுவிட்டு அனுப்பிய பதிலைத் திறக்காமலே விட்டவை எத்தனை என்று பார்ப்பது கஷ்டமில்லை. எல்லாம் அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அறிக்கையின் அடுத்த பதிப்புக்கு முன்னுரை கேட்டால், அந்தப் பக்கத்துப் பதிவுகளையும் அனுப்பச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறேன். அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் கேட்பார்களா என்று தெரியவில்லை.